முதல் அட்மிஷனோடு கணக்கு முடிவதில்லை

2019-இல் பாராகன்-எச்எஃப் என்ற ஆய்வின் முடிவு வெளியானது. இதயம் சுருங்கும் திறன் பெரிதாகக் குறையாமலே இதயச் செயலிழப்பால் அவதிப்படுகிறவர்கள் 4796 பேரிடம் நடந்த ஆய்வு அது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன் என்ற கூட்டு மருந்து, மீதிப் பேருக்கு வால்சார்ட்டன் மட்டும். முதல் குழுவில் 526 பேருக்கு மொத்தம் 894 நிகழ்வுகள் நேர்ந்தன. இரண்டாவது குழுவில் 557 பேருக்கு 1009. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலும் சரி, இதயம் அல்லது ரத்தநாள நோயால் இறந்தாலும் சரி, அது ஒரு நிகழ்வு.

ஆட்களை எண்ணினால் இரு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசம் 31. நிகழ்வுகளை எண்ணினால் 115. "முதல் நிகழ்வு எப்போது வந்தது" என்று மட்டும் பார்க்கும் வழக்கமான முறையில் போயிருந்தால், 1903 நிகழ்வுகளில் 820 கணக்குக்கே வந்திருக்காது. ஒருவர் ஒரே வருடத்தில் நான்கு தடவை மூச்சுத் திணறி வார்டில் சேர்ந்தாலும், ஒரே ஒரு தடவை சேர்ந்து வீடு திரும்பியவரும் அவரும் அந்த முறைக்கு ஒன்றுதான்.

இப்படி ஒரு வழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. கால அளவை வைத்துச் செய்யும் பகுப்பாய்வுக்கு அடித்தளம் போட்டவை இரண்டு: எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று காலப்போக்கில் காட்டும், 1958-இல் வந்த கப்லான்-மையர் வளைவும், மருந்து, வயது போன்ற காரணிகள் ஆபத்தை எத்தனை மடங்கு மாற்றுகின்றன என்று கணக்கிட 1972-இல் டேவிட் காக்ஸ் முன்வைத்த ரெக்ரெஷன் முறையும். இரண்டுக்கும் முன்மாதிரி மரணம். மரணம் ஒருவருக்கு ஒரு தடவைதான் வரும். அதே கருவியை ஆஸ்துமா, வலிப்பு, மலேரியா, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சிறுநீர்ப்பைக் கட்டி என்று திரும்பத் திரும்ப வரும் நோய்களுக்குக் கொண்டுபோனபோது, முதல் நிகழ்வை மரணத்தின் இடத்தில் வைத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள். நோயாளியைப் பொறுத்தவரை அந்த "மற்றது"தான் வாழ்க்கை. வேலைக்குப் போக முடியாத நாட்கள், கடன் வாங்கிக் கட்டிய பில், துணைக்கு உட்கார்ந்த மகளின் விடுப்பு எல்லாம் இரண்டாவது, மூன்றாவது அட்மிஷன்களிலும் சேர்ந்துதான் கூடுகின்றன. அதனால் எல்லா நிகழ்வுகளையும் எண்ண வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் எண்ணத் தொடங்கியதும் இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு ஒன்று. இன்னொன்று மரணம்.

ஆளுக்கு ஆள் வேறு

முதல் பொறியை நூறு வருடங்களுக்கு முன்பே பிடித்துவிட்டார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு நேர்ந்த விபத்துகளை மேஜர் கிரீன்வுட், உட்னி யூல் என்ற இருவர் ஆராய்ந்து 1920-இல் எழுதினார்கள். மேஜர் என்பது ராணுவப் பட்டம் இல்லை, அவர் பெயரே அதுதான். அவர்களுடைய அட்டவணைகளில் ஒன்று இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் வருகிறது. குண்டு செய்யும் பிரிவில் 647 பெண்கள், ஐந்து வார காலம். விபத்தே இல்லாதவர்கள் 447 பேர். ஒரு விபத்து 132 பேருக்கு, இரண்டு 42 பேருக்கு, மூன்று 21 பேருக்கு, நான்கு 3 பேருக்கு, ஐந்தோ அதற்கு மேலோ 2 பேருக்கு.

சராசரி ஆளுக்கு 0.465 விபத்து. எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து, விபத்து வருவது வெறும் தற்செயல் என்றால், பாய்சான் பரவல்படி விபத்தே இல்லாதவர்கள் சுமார் 406 பேர்தான் இருக்க வேண்டும். ஒரு விபத்து 189 பேருக்கு வந்திருக்க வேண்டும். மூன்று விபத்து கண்டவர்கள் ஏழு பேரைத் தாண்டக் கூடாது. உண்மையில் 21 பேர். அதாவது, ஒன்றுமே ஆகாதவர்களும் எதிர்பார்த்ததை விட அதிகம், மேலும் மேலும் அடிபட்டவர்களும் அதிகம். பாய்சானில் சராசரியும் வேரியன்ஸ் என்கிற விலக்க வர்க்கச் சராசரியும் சமமாக இருக்கும். இங்கே கணக்குப் போட்டால் வேரியன்ஸ் சுமார் 0.69 வருகிறது, சராசரியைப் போல் ஒன்றரை மடங்கு.

மருத்துவ ஆய்வில் இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? நிகழ்வுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று கணினி நம்பிவிடும். ஒரே ஆளின் ஐந்து அட்மிஷன்களை ஐந்து தனித்தனிச் சாட்சிகளாக எடுத்துக்கொள்ளும். மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்று சொல்லும் திட்டப் பிழை இருக்க வேண்டியதை விடச் சின்னதாகத் தெரியும், உண்மையான விளைவு அடங்கக் கூடிய எல்லையான நம்பிக்கை இடைவெளி குறுகும், வேலை செய்யாத மருந்தும் வேலை செய்தது போல் தோன்றும்.

கிரீன்வுட்டும் யூலும் காட்டிய வழி, ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு உரிய ஆபத்து அளவு ஒன்று இருப்பதாகவும், அது ஆளுக்கு ஆள் காமா பரவல்படி மாறுவதாகவும் வைத்துக்கொள்வது. அப்படி வைத்தால் எண்ணிக்கை, பாய்சானை விட அகலமான நெகட்டிவ் பைனாமியல் பரவலில் வந்து விழுகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி ஆய்வுகளில் இன்று இதுதான் நடைமுறை. 6112 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான டார்ச் ஆய்வில், நோய் திடீரெனத் தீவிரமடைவது பிளாசிபோ என்கிற வெற்று மருந்துக் குழுவில் ஆண்டுக்கு 1.13 தடவை, கூட்டு இன்ஹேலர் குழுவில் 0.85 தடவை என்று வந்த கணக்கு இந்த முறையில் போட்டதுதான்.

இதே நோயில் அதற்கு முன் நடந்துகொண்டிருந்த ஒரு தவறை மான்ட்ரியாலைச் சேர்ந்த சாமி சுயிசா 2006-இல் எடுத்துக்காட்டினார். சில ஆய்வுகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக ஆண்டு வீதம் கணக்கிட்டு, அந்த வீதங்களின் சராசரியை எடுத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் ஆய்வில் சேர்ந்து, இரண்டே வாரத்தில் நோய் முற்றி விலகிவிட்டார் என்று வையுங்கள். அவருடைய ஆண்டு வீதம் 26 ஆகிவிடுகிறது! வருடம் முழுக்க இருந்து ஒரு தடவை அவதிப்பட்டவருக்கு 1. இரண்டு வார ஆளின் 26, குழுவின் சராசரியையே இழுத்துக்கொண்டு போய்விடும். எல்லாருடைய நிகழ்வுகளையும் கூட்டி, எல்லாருடைய காலத்தையும் கூட்டி, பிறகு வகுப்பதே சரி.

எப்போது, எத்தனையாவது

மொத்த எண்ணிக்கை போதும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிகழ்வு எப்போது வந்தது என்பதும் வேண்டுமென்றால் தரவை வேறு மாதிரி அடுக்க வேண்டும். ஒரு நோயாளி 90, 210, 400-ஆம் நாட்களில் அட்மிட் ஆகிறார், 700-ஆம் நாளில் ஆய்வு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நான்கு வரிசைகள்: 0 முதல் 90 வரை, நிகழ்வு உண்டு, 90 முதல் 210 வரை, உண்டு, 210 முதல் 400 வரை, உண்டு, 400 முதல் 700 வரை, இல்லை. நான்கு வரிசையிலும் ஒரே அடையாள எண். அவர் வார்டில் படுத்திருந்த நாட்களில் புதிதாக அட்மிட் ஆக முடியாது என்பதால் அந்த நாட்களைக் கழிப்பதா, டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாளே திரும்பி வந்தால் அது புது நிகழ்வா, பழையதன் தொடர்ச்சியா என்பதையெல்லாம் ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். எந்தப் புள்ளியியல் மாதிரியை (மாடலை) தேர்ந்தெடுத்தோம் என்பதை விட இந்த வரையறைகள் சில நேரம் விடையை அதிகம் மாற்றிவிடும்.

இப்படி அடுக்கிய தரவை காக்ஸ் முறையில் கொடுத்தால் அதுதான் 1982-இல் ஆண்டர்சனும் கில்லும் வகுத்த மாதிரி. அவர்கள் வைத்த நிபந்தனை கடுமையானது: நாம் மாதிரியில் சேர்த்த காரணிகளைத் தவிர, முன்பு எத்தனை தடவை வந்தது என்பது அடுத்த தடவையைப் பாதிக்கக் கூடாது. இதயநோயில் அது நடக்காத காரியம். ஒரு தடவை சேர்ந்தவர் மறுபடி சேர்வதற்கான வாய்ப்பு கூடிவிடுகிறது என்பது எந்த வார்டு நர்ஸைக் கேட்டாலும் தெரியும். லின், வெய், யாங், யிங் நால்வரும் 2000-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஆளின் உள் நிலை எப்படி மாறுகிறது என்று கேட்காதீர்கள், குழுவின் சராசரி எண்ணிக்கை எந்த வீதத்தில் ஏறுகிறது என்று மட்டும் கேளுங்கள், திட்டப் பிழையை ஆள்வாரியாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்றார்கள். பாராகனின் முதன்மைப் பகுப்பாய்வு இந்த முறையில்தான் நடந்தது.

வேறு இரண்டு முறைகளையும் கட்டுரைகளில் பார்க்கலாம். 1989-இல் வந்த வெய்-லின்-வைஸ்ஃபெல்ட் முறை, முதல் நிகழ்வுக்கு ஒரு கடிகாரம், இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு ஒன்று என்று எல்லாவற்றையும் முதல் நாளிலேயே ஓடவிடுகிறது. முதல் நிகழ்வே வராதவரும் மூன்றாவது நிகழ்வுக்கான ஆபத்தில் இருப்பதாக அது கொள்வது எனக்கு ஒட்டவில்லை. 1981-இன் பிரெண்டிஸ்-வில்லியம்ஸ்-பீட்டர்சன் முறை நேர் எதிர். இரண்டாவது நிகழ்வுக்கான கணக்கில் முதல் நிகழ்வைக் கண்டவர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. உடலியல் பார்வையில் இயல்பானது. ஆனால் மருந்தை ஒப்பிடும் ஆய்வில் இதில் ஒரு சிக்கல் உண்டு. குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தது தொடக்கத்தில். மருந்து வேலை செய்தால், அதையும் மீறி முதல் நிகழ்வு வந்தவர்கள் மருந்துக் குழுவில் இன்னும் நலிந்தவர்களாக இருப்பார்கள். இரண்டாவது நிகழ்வுக்கு வரும்போது சமமில்லாத இரு கூட்டங்களைத்தான் ஒப்பிடுகிறோம். குலுக்கல் கொடுத்த பாதுகாப்பு அங்கே போய்விடுகிறது.

அதற்காக வரிசை எண் எங்கேயும் பயன்படாது என்று சொல்லவில்லை. வரிசையே கேள்வியாக இருக்கும் இடங்கள் உண்டு. வேலூர் சிஎம்சியில் ககன்தீப் காங் குழுவினர் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து செய்து 2011-இல் வெளியிட்ட, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டாவைரஸ் பற்றிய ஆய்வு அப்படிப்பட்டது. 373 குழந்தைகள் மூன்று வயது வரை. அங்கே கேள்வி, ஒரு தடவை தொற்று வந்தால் அடுத்த தடவைக்கு எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்பது. மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1996-இல் வெளியான ஆய்வில், இரண்டு தொற்றுக்குப் பிறகு மிதமான, கடுமையான வயிற்றுப்போக்கே யாருக்கும் வரவில்லை. வேலூரில் மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். கண்டறிந்த தொற்றுகளில் சுமார் 30 சதவீதம் மட்டுமே முதல் தொற்று, மற்றவை எல்லாம் திரும்ப வந்தவை. முதல் தொற்றோடு பின்தொடர்வதை நிறுத்தியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. தடுப்பூசி ஒரு நாட்டில் நன்றாக வேலை செய்து இன்னொரு நாட்டில் தடுமாறுவதைப் புரிந்துகொள்ள இப்படிப்பட்ட தரவு வேண்டும்.

இங்கேயும் கிரீன்வுட்-யூல் பிரச்சினை கூடவே வருகிறது. மூன்று தடவை தொற்று வாங்கிய குழந்தை, தொற்று மலிந்த சூழலில் வளரும் குழந்தையாகவும் இருக்கலாம். அப்படியானால் பாதுகாப்பு உண்மையில் இருப்பதை விடக் குறைவாகத் தெரியும். முந்தைய நிகழ்வு அடுத்ததைப் பாதிக்கிறதா, அல்லது ஆட்களே வேறு வேறு மாதிரியா என்பதை எண்ணிக்கைப் பரவலை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. இரண்டு காரணமும் ஒரே நெகட்டிவ் பைனாமியல் பரவலைத் தரக் கூடும் என்று கணிதவியலாளர் வில்லியம் ஃபெல்லர் 1943-இலேயே சுட்டிக்காட்டினார்.

மரணம் குறுக்கே வரும்போது

இரண்டாவது பொறிதான் ஆழமானது. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழுவுக்கு நூறு பேர், இரண்டு வருட ஆய்வு. மருந்தில்லாத குழுவில் மிக நலிந்த 20 பேர் ஆளுக்கு ஒரு தடவை அட்மிட் ஆகி ஆறாவது மாதத்தில் இறந்துவிடுகிறார்கள். மற்ற 80 பேர் உயிரோடு இருந்து ஆளுக்கு ஒரு தடவை சேர்கிறார்கள். மொத்தம் 100 அட்மிஷன். மருந்துக் குழுவில் அந்த நலிந்த 20 பேரில் 10 பேரை மருந்து காப்பாற்றிவிடுகிறது. காப்பாற்றப்பட்டவர்கள் திடகாத்திரமாகிவிடவில்லை, இரண்டு வருடத்தில் ஆளுக்கு நான்கு தடவை வார்டுக்கு வருகிறார்கள். மற்ற 90 பேருக்கும் முன்பு போலவே ஆளுக்கு ஒன்று. மொத்தம் 130.

பத்து உயிரைக் காப்பாற்றிய மருந்து, அட்மிஷன் கணக்கில் 30 சதவீதம் மோசம். காலத்தால் வகுத்துப் பார்த்தாலும் தப்பவில்லை: மருந்தில்லாத குழுவில் 170 ஆள்-ஆண்டுகளுக்கு 100, அதாவது ஆண்டுக்கு 0.59, மருந்துக் குழுவில் 185-க்கு 130, ஆண்டுக்கு 0.70. இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் பயங்கரம். நலிந்தவர்களைச் சீக்கிரம் கொன்றுவிடும் மருந்து, மருத்துவமனைச் செலவைக் குறைத்த நல்ல மருந்தாகத் தெரியும்.

இறந்தவரை "தொடர்பு விட்டுப்போனவர்" போல நடத்தி, அவர் இருந்திருந்தால் மற்றவர்களைப் போலவே இருந்திருப்பார் என்று எடுத்துக்கொள்வது இதய ஆய்வுகளில் ஏற்க முடியாத அனுமானம். அடிக்கடி அட்மிட் ஆகிறவர்தான் சீக்கிரம் இறக்கிறார். இதற்குப் பல விடைகள் உண்டு, எதுவும் முழு விடை இல்லை. கோஷும் லின்னும் 2000-இல் தந்த முறை, இறந்தவரின் எண்ணிக்கை அதற்கு மேல் ஏறாது என்பதை ஒப்புக்கொண்டு, தொடக்கத்தில் சேர்ந்த ஒருவருக்கு இத்தனை வருடத்தில் சராசரியாக எத்தனை நிகழ்வு என்று வரைகிறது. நேர்மையான வரைபடம்தான், ஆனால் மேலே சொன்ன கொல்லும் மருந்து அதிலும் நல்ல மருந்தாகவே தெரியும். அதனால் பக்கத்திலேயே உயிர்வாழ்வு வளைவையும் போடாமல் அதை மட்டும் காட்டக் கூடாது. கூட்டு ஃப்ரெயில்டி மாதிரிகள் அட்மிஷனையும் மரணத்தையும் ஒரே மறைநிலைப் பலவீனத்தால் இணைத்து, இரண்டுக்கும் தனித்தனி விளைவைத் தருகின்றன. அந்தப் பலவீனம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்பதால், அதன் பரவலைப் பற்றிய அனுமானத்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

பாராகன் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: மரணத்தையும் ஒரு நிகழ்வாகக் கூட்டிக்கொள்வது. அப்போது ஒரு மரணமும் ஒரு அட்மிஷனும் ஒரே எடை. நான்கு நாள் படுத்து எழுந்து வீட்டுக்குப் போவதும் திரும்பி வராமலே போவதும் ஒன்றா என்று குடும்பத்தார் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதனால்தான் புள்ளியியலாளர் ஸ்டூவர்ட் போகாக் குழுவினர் 2012-இல் வின் ரேஷியோ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இரு குழுவிலிருந்தும் ஆளுக்கு ஆளாக ஜோடி போட்டு, முதலில் யார் அதிக நாள் வாழ்ந்தார் என்று பார்ப்பது, அதில் தீர்வாகாவிட்டால்தான் அட்மிஷனைப் பார்ப்பது.

எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும் என்று மருந்து ஆய்வுகளுக்குச் சர்வதேச விதிமுறை வகுக்கும் ஐசிஎச் அமைப்பின் ஈ9 என்ற புள்ளியியல் வழிகாட்டுதலுக்கு 2019-இல் வந்த பிற்சேர்க்கை கேட்கிறது. மரணத்தை எப்படிக் கையாள்வது என்பதும் அந்தக் கேள்வியின் ஒரு பகுதி. முடிவைப் பார்த்த பிறகு சாதகமான முறையைப் பொறுக்குவதற்கு அங்கே இடம் இல்லை.

எல்லாவற்றையும் எண்ணினால் ஜெயித்துவிடலாமா

மருந்து நிறுவனங்களுக்கு இந்த முறைகளில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் புள்ளியியல் வலிமை. அதிக நிகழ்வு, அதிகத் தகவல், குறைவான நோயாளிகளோடு ஆய்வை முடிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு. 2003-இன் சார்ம்-பிரிசர்வ்ட் ஆய்வு அந்த நம்பிக்கையை வளர்த்தது. 3023 பேரிடம் கேண்டசார்ட்டனைச் சோதித்தபோது, முதல் நிகழ்வுக் கணக்கில் ஹசார்ட் விகிதம், அதாவது இரு குழுக்களில் நிகழ்வு வரும் வேகங்களின் விகிதம் 0.89, நம்பிக்கை இடைவெளி 0.77 முதல் 1.03 வரை. வித்தியாசமே இல்லை என்பதைக் குறிக்கும் 1 அதற்குள் வருவதால் தேறவில்லை. பின்னாளில் அதே தரவில் எல்லா அட்மிஷன்களையும் சேர்த்துப் பார்த்தபோது மருந்தின் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் பாராகனில் நடந்தது வேறு. எல்லாவற்றையும் எண்ணியும் வீத விகிதம் 0.87, இடைவெளி 0.75 முதல் 1.01 வரை. மருந்துக்கு விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.06, வழக்கமான எல்லை 0.05. மயிரிழையில் தவறியது. இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இரும்புச்சத்து ஊசியைச் சோதித்து 2020-இல் வெளியான அஃபர்ம்-ஏஎச்எஃப் ஆய்விலும் ஊசி போட்ட குழுவில் 293, பிளாசிபோ குழுவில் 372 நிகழ்வுகள், விகிதம் 0.79, பி மதிப்பு 0.059. அதுவும் விளிம்பில் நின்றது. ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிதாக இருந்தால், கூடுதல் நிகழ்வுகள் பெரும்பாலும் சில நோயாளிகளிடமிருந்தே வரும். அவர்கள் எந்தக் குழுவில் விழுந்தார்கள் என்பதே முடிவை ஆட்டும். முதல் அட்மிஷனுக்குப் பிறகு பலர் ஆய்வு மருந்தை நிறுத்திவிட்டாலும் இரண்டாவது, மூன்றாவது நிகழ்வுகளில் மருந்தின் விளைவு மங்கும். அப்போது பழைய முதல்-நிகழ்வு முறையே வலுவாக நிற்கவும் கூடும். ஆகவே வலிமைக்காக மட்டும் இந்த முறைக்கு மாறுவது தவறான காரணம். நோயின் மொத்தச் சுமையை அளக்க வேண்டும் என்பதே சரியான காரணம்.

அந்தச் சுமை எவ்வளவு என்பதை ஆர்டிஎஸ்,எஸ் மலேரியா தடுப்பூசி ஆய்வு காட்டியது போல் வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை. ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 15,459 குழந்தைகள். 5 முதல் 17 மாத வயதில் தொடங்கி நான்கு தவணை போட்டவர்களில், எல்லா மலேரியா தாக்குதல்களையும் எண்ணியபோது தடுப்பாற்றல் 36.3 சதவீதம். கேட்க சுமாராகத்தான் இருக்கிறது. அதையே எண்ணிக்கையாகச் சொன்னால், 1000 குழந்தைகளுக்குப் போட்டால் 1774 தடவை மலேரியா தவிர்க்கப்பட்டது. குழந்தைகளின் எண்ணிக்கையை விடத் தவிர்த்த காய்ச்சல்கள் அதிகம்! முதல் தாக்குதலை மட்டும் எண்ணினால் இந்த எண் 1000-ஐத் தாண்டவே வழியில்லை. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அந்தத் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது.

சொந்தமாகச் செய்துபார்க்க விரும்புகிறவர்கள் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் சர்வைவல் பேக்கேஜைத் திறந்தால் சிஜிடி என்ற தரவுத் தொகுப்பு கிடைக்கும். பிறவியிலேயே வெள்ளணுக்களின் செயல்பாட்டில் குறைபாடு உள்ள 128 பேரிடம் இன்டர்ஃபெரான் காமாவைச் சோதித்து 1991-இல் வெளியான ஆய்வின் தரவு. கடுமையான தொற்று கண்டவர்கள் மருந்துக் குழுவில் 63-இல் 14 பேர், பிளாசிபோ குழுவில் 65-இல் 30 பேர். மொத்தத் தொற்றுகள் 20-க்கு எதிரே 56. தொடக்க நாள், முடிவு நாள், நிகழ்வு என்று மேலே சொன்னபடியே வரிசைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதலில் முதல் தொற்றை மட்டும் வைத்து காக்ஸ் மாதிரியை ஓட்டுங்கள். அப்புறம் எல்லா வரிசைகளையும் கொடுத்து ஆண்டர்சன்-கில், அதன் பிறகு அதே ஆண்டர்சன்-கில் மாதிரியை ஆள்வாரித் திட்டப் பிழையோடு மறுபடி ஓட்டுங்கள். கடைசி இரண்டிலும் விகிதம் ஒன்றேதான். எது எவ்வளவு நகர்கிறது என்று திட்டப் பிழைப் பத்தியைப் பாருங்கள்.